புளியங்கொட்டைப் பசையின் வரலாறு

புளியம்பழத்தின் எடையில் பாதிக்குச் சற்றுக் கூடுதலாகச் சதை இருக்கும். மூன்றில் ஒரு பங்கு கொட்டை. மீதி ஓடும் நாரும். சமையலுக்கு வேண்டியது சதை மட்டுமே என்பதால், மாசி பங்குனியில் மரம் உலுக்கி, ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுத்து முடிக்கும் ஒவ்வொரு ஊரிலும் புளிக்குப் பக்கத்தில் கொட்டைக் குவியல் ஒன்று சேரும். அதில் கொஞ்சம் பல்லாங்குழிக்குப் போகும். ஒரு பக்கம் தேய்த்து வெள்ளை தெரியச் செய்தால் தாயத்துக்கு ஆகும். வறுத்து ஊறவைத்தால் தின்னலாம். பஞ்ச காலங்களில் ஏழைகளின் வயிற்றை இது நிரப்பியிருக்கிறது. இருந்தும், ஒரு பெருந்தொழிலுக்கு உரிய சரக்காக அந்தக் குவியலை 1940களுக்கு முன் யாரும் மதிப்பிடவில்லை.

புளியமரத்தின் பூர்வீகம் வெப்பமண்டல ஆப்பிரிக்கா. ஆனால் இந்தியாவுக்கு அது வந்து சேர்ந்த காலம் மிகப் பழையது. கங்கைச் சமவெளியில் நர்ஹான் என்னும் இடத்தில் நடந்த அகழாய்வில் புளியமரக் கரி கிடைத்திருக்கிறது. அதன் காலம் ஏறத்தாழ கி.மு. 1300. மூவாயிரம் ஆண்டுப் பழக்கத்தில் இலை, பூ, காய், பழம், மரம் என எல்லாவற்றுக்கும் பயன் கண்டவர்கள் கொட்டையை மட்டும் விட்டுவைத்திருக்க மாட்டார்கள். அதற்குள் இருக்கும் பசையைக் கைவினைஞர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தார்கள். அவர்கள் வேலையில்தான் இந்த வரலாறு தொடங்குகிறது.

ஒடிசாவில் புரிக்கு அருகே உள்ள ரகுராஜ்பூர், பட்டச்சித்திரம் வரையும் குடும்பங்களின் ஊர். புரி ஜகந்நாதர் கோயிலில் நீராட்டு விழாவுக்குப் பின் மூலவர்கள் தரிசனம் தராத நாட்களில், அவர்களுக்குப் பதிலாக வைத்து வழிபடும் படங்களும் இந்த மரபைச் சேர்ந்தவைதாம். இந்தச் சித்திரத்துக்குத் துணிதான் தளம். முதல் வேலை அந்தத் துணியைத் தயார் செய்வது. புளியங்கொட்டையை இரண்டு மூன்று நாள் நீரில் ஊறவைக்கிறார்கள். ஊறிய பருப்பை அரைத்து, நீர் சேர்த்து அடுப்பில் வைத்துக் காய்ச்சினால் பசை திரள்கிறது. பழைய பருத்தித் துணி இரண்டை இந்தப் பசையால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் காயவைக்கிறார்கள். பிறகு சுண்ணாம்புக்கல் பொடியை அதே பசையில் குழைத்து இருபுறமும் பூசுகிறார்கள். அது காய்ந்தபின் முதலில் சொரசொரப்பான கல்லாலும் அடுத்து வழவழப்பான கல்லாலும் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். முடிவில் துணி தோல்போல மடங்கும். அதன் மேற்பரப்பில் மெல்லிய தூரிகைக்கோடு பரவாமல் நிற்கும். நிறங்களைக் குழைக்க மட்டும் வேறு பசை, விளாமரத்துப் பிசின்.

இந்த வேலைக்குப் பசையிடம் சில குணங்கள் கட்டாயம் வேண்டும். தேய்க்கும்போது துணியின் இழைகளுக்கு இடையே இறங்க வேண்டும். கையை எடுத்தபின் வழிந்து ஓடக் கூடாது. சுண்ணப் பொடியை அடியில் தங்கவிடாமல் ஏந்திப் பிடிக்க வேண்டும். காய்ந்தால் வெடிப்பு விடாத படலமாக வேண்டும். இவை எல்லாம் ஓட்டத்தைப் பற்றிய நிபந்தனைகள். ஆய்வுக்கூடக் கருவிகள் பின்னாளில் அளந்தவற்றை, ரகுராஜ்பூர் ஓவியர்கள் விரல் நுனியாலேயே சோதித்துத் தேர்ந்திருந்தார்கள்.

ஆந்திரத்தின் கொண்டபள்ளியில் மென்மரத்தில் பொம்மை செதுக்குவோர் புளியங்கொட்டைப் பொடியையும் மரத்தூளையும் குழைத்து, அந்தக் கலவையால் கையையும் தலையையும் உடலோடு பொருத்தி, மேடுபள்ளங்களை நிரப்புகிறார்கள். தஞ்சாவூர் ஓவியப் பலகைக்குச் சுண்ணப் பொடியை இந்தப் பசையில் குழைத்துப் பூசும் வழக்கமும் உண்டு. கர்நாடகத்தில் குறும்பர் நெய்யும் கம்பளியின் கதை பின்னால் வந்த ஆலைத் தொழிலுக்கு இன்னும் நெருக்கமானது. தக்காண ஆட்டின் ரோமம் முரடானது. கையால் நூற்ற அந்த நூலில் மயிர் பிரிந்து நிற்கும். அப்படியே தறியில் ஏற்றினால் பாவு நூல்கள் ஒன்றோடொன்று உரசி, பின்னி, அறுந்துபோகும். அதனால் பாவை நீளமாக விரித்துக் கட்டி, புளியங்கொட்டைப் பசையைத் தூரிகையால் தடவிக் காயவிடுகிறார்கள். மயிர் படிந்து நூல் விறைத்தபின்தான் நெசவு. தமிழ்நாட்டுக் கைத்தறிக்காரர்கள் பருத்திப் பாவுக்கு அரிசிக் கஞ்சி போடுவதும் இதே காரணத்துக்காகத்தான். முரட்டு ரோமத்துக்கு அரிசிக் கஞ்சியைவிட வலுவான படலம் தேவைப்பட்டது. அதைப் புளியங்கொட்டை தந்தது.

ஐரோப்பிய அறிவியல் இந்தப் பொருளை வேறொரு திசையிலிருந்து வந்தடைந்தது. தாவர உடல் செல்களால் ஆனது என்று 1838-ல் எழுதிய ஜெர்மானியத் தாவரவியலாளர் மத்தியாஸ் ஷ்லைடன், மறு ஆண்டு தியோடர் ஃபோகலுடன் சேர்ந்து, புளியின் குடும்பத்துக்குரிய சில வெப்பமண்டல மரங்களின் விதைகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். வித்திலைகளின் செல்சுவர்கள் வழக்கத்துக்கு மாறாகத் தடித்திருந்தன. அயோடின் பட்டதும் அந்தச் சுவர்கள் நீலமாயின. அயோடினில் நீலமாவது மாவுச்சத்தின் அடையாளம். ஆனால் மாவுச்சத்து செல்லுக்குள் மணிமணியாகக் கிடக்கும். இங்கே நீலம் சுவரிலேயே இருந்தது. மாவுச்சத்தை ஒத்த ஒன்று என்று முடிவுசெய்து அதற்கு ‘அமிலாய்டு’ என்று பெயர் வைத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு நூற்றாண்டுக்கு அது தாவரவியல் நூல்களுக்குள் அடங்கிக் கிடந்தது. ஆலைக்காரர்கள் யாரும் அதைப் படிக்கவில்லை.

படிக்கவைத்தது போர். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியப் பருத்தி ஆலைகளும் ஹூக்ளி ஆற்றங்கரைச் சணல் ஆலைகளும் ராணுவத்துக்காக ஓயாமல் ஓடின. துணிக்கும் கோணிக்கும் பாவு ஏற்ற வேண்டுமானால் கஞ்சி வேண்டும். கஞ்சிக்கு மாவு வேண்டும். 1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. 1943-ல் வங்காளத்தைப் பஞ்சம் விழுங்கியது. மனிதருக்கே உணவு இல்லாத ஊரில், உண்ணத்தக்க மாவை நூலுக்குப் பூசுவது பெரிய முரண். அன்றாட உணவாகப் பயன்படாத ஒரு மாற்றுக்கான தேடல் அந்தச் சூழலில் அவசரமானது.

டேராடூனில் உள்ள வன ஆராய்ச்சி நிறுவனம், காட்டில் கிடைக்கும் பொருள்களுக்குத் தொழிற்பயன் காண்பதைத் தன் வேலைகளில் ஒன்றாக வைத்திருந்தது. அங்கே பணியாற்றிய டி.பி. கோஷ், எஸ். கிருஷ்ணா ஆகிய இருவரும், தோல் நீக்கிய புளியங்கொட்டைப் பருப்பில் 46 முதல் 48 சதவீதம் வரை ஜெல்லாகத் திரளும் பொருள் இருக்கிறது என்று 1942-ல் அறிவித்தார்கள். மறு ஆண்டே புளியங்கொட்டை மாவு தொழில்முறையில் உற்பத்தியாகத் தொடங்கியது. ஆய்வறிக்கையிலிருந்து ஆலை வாசலுக்கு இவ்வளவு விரைவில் போன இந்தியக் கண்டுபிடிப்புகள் குறைவு. பருத்தி, சணல், செயற்கைப் பட்டு மூன்றுக்கும் இது மக்காச்சோள மாவைவிடச் சிக்கனமான கஞ்சி என்று ஆலைகள் கண்டன. ஒரே அளவு கெட்டித்தன்மைக்கு மாவுச்சத்தைவிடக் குறைந்த பொடியே போதும் என்பது அதன் பெரிய ஈர்ப்பு.

கோஷும் கிருஷ்ணாவும் தாங்கள் பிரித்தெடுத்ததை முதலில் பெக்டின் என்று எடுத்துக்கொண்டார்கள். ஜாமை உறையவைக்கும் பழச்சத்துதான் பெக்டின். புளியங்கொட்டைச் சாறும் சர்க்கரையோடு சேர்ந்து உறைந்ததால் அந்த முடிவு இயல்பானது. பி.எஸ். ராவ் அவர்களோடு சேர்ந்து பொருளைத் தூய்மைப்படுத்தியபோது உண்மை வேறாக இருந்தது. பெக்டினின் முதுகெலும்பு ஓர் அமிலம். அந்த அமிலக் கூறு இதில் இல்லை. இது பெக்டின் அல்ல, முழுக்கச் சர்க்கரைகளாலான பாலிசாக்கரைடு என்று தெளிந்து, 1946-ல் அதற்கு ‘ஜெல்லோஸ்’ என்று பெயரிட்டார்கள். பம்பாயில் ஜி.ஆர். சவூர், தூய்மையாக்கிய பொருளைத் தயாரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பெக்டின் உறைய அமிலம் வேண்டும். இதற்கு அமிலம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. புளிப்பில்லாத பழத்தையும் பாலையும்கூட இதைக்கொண்டு உறையவைக்கலாம். தொழில் இதைப் பெக்டினின் மலிவான மாற்றாகவே விற்றது என்றாலும், பெக்டினால் முடியாத ஒன்றை இது செய்தது என்பதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

ஆலையில் கொட்டை மாவாகும் விதம் எளிமையாகத் தோன்றும். சிக்கல் முழுவதும் தோலில் இருக்கிறது. கொட்டையின் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் தோல். அதில் துவர்ப்பான டானின் நிறைய உண்டு. மாவில் கலந்தால் நிறம் சிவக்கும், துணியில் கறை ஏறும். பச்சைக் கொட்டையின் தோல் பருப்போடு இறுகப் பிடித்திருக்கும். வறுத்தால் தோல் காய்ந்து நொறுங்கும். பருப்பு சற்றே சுருங்கி அதிலிருந்து விலகும். சுழலும் உருளையில் சூடேற்றி, உடனே இடித்து, காற்றில் தூற்றித் தோலைப் பிரிக்கிறார்கள். சூடு குறைந்தால் தோல் போகாது. கூடினால் பருப்பு பொன்னிறம் தாண்டிக் கருகும். பசையின் நீண்ட மூலக்கூறுகள் அறுந்து கெட்டித்தன்மை விழும். நீரில் ஊறவைத்து உரிக்கும் பழைய முறை நிறத்தைக் காக்கும், ஆனால் நாள் பிடிக்கும். தோல் போன பருப்பு பாலேடு நிறத்தில் இரண்டாகப் பிளந்து கிடக்கும், கல்லைப்போலக் கடினமானது. அதை மாவாக அரைப்பதில் இயந்திரம் தேய்வது சாதாரணம்.

அந்தப் பருப்பில் 55 முதல் 65 சதவீதம் பாலிசாக்கரைடு. 15 முதல் 20 சதவீதம் புரதம். 6 முதல் 8 சதவீதம் எண்ணெய். புரதம் பூச்சியை வரவழைக்கிறது. எண்ணெய் நாட்பட்டால் காறல் வாடை தருகிறது. கிடங்கில் நெடுநாள் கிடக்கும் மாவு நிறம் மங்கி வாடையடிப்பதற்கு இவைதாம் காரணம். கஞ்சி காய்ச்சவும் ஒரு பக்குவம் உண்டு. மாவைச் சுடுநீரில் கொட்டினால் வெளிப்புறம் உடனே வழவழத்து உள்ளே உலர்ந்த கட்டிகளாகிவிடும். பச்சைத் தண்ணீரில் தூவிக் கலக்கி, பிறகு கொதிக்கவிட வேண்டும். கொதி வந்து அரை மணி நேரத்துக்குள் பாகு உச்சத்தை எட்டும். அதற்குமேல் நெடுநேரம் கொதித்தால் மறுபடியும் நீர்த்துப்போகும். கொதியே இல்லாமல் முடியாததற்குக் காரணம், பசை செல்லுக்குள் தனியே கிடப்பதில்லை, செல்சுவரே பசை. சுவர் குலைந்து நீரில் கரைந்தால்தான் பாகு கிடைக்கும். நெல்லும் பயறும் முளைக்கும் நாளுக்கான உணவைச் செல்லுக்குள் மணிகளாகச் சேமிக்கின்றன. புளிய விதை சேமிப்பை எல்லாம் வித்திலையின் சுவர்களில் பூசித் தடிக்கவைத்திருக்கிறது. கன்று முளைக்கும்போது நொதிகள் அந்தச் சுவரைக் கரைத்துக் குருத்துக்கு ஊட்டுகின்றன.

சுவரின் வேதியியல் அமைப்பு தெளிவாக இன்னும் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஈ.வி. ஒயிட், பி.எஸ். ராவ் இருவரும் 1953-ல் அமெரிக்க வேதியியல் கழக இதழில் அமைப்பைப் பற்றி எழுதினார்கள். நெதர்லாந்தில் பி. கூய்மன், அமிலாய்டு உள்ள விதைகளைப் பரவலாக ஆராய்ந்தபின் 1961-ல் புளியின் அமிலாய்டுக்கு வரைபடம் தந்தார். ஷ்லைடன் நுண்ணோக்கியில் பார்த்த நீலமும் டேராடூனின் ஜெல்லோஸும் ஒரே வகைப் பொருள் என்பது இவ்வாறு உறுதியாயிற்று. இன்று அதன் பெயர் சைலோகுளுக்கன்.

அதன் முதுகெலும்பு குளுக்கோஸ் அலகுகள் நேராகக் கோத்த சங்கிலி. பிணைப்பு முறை செல்லுலோஸில் உள்ளதேதான். பருத்தி நூலின் உள்ளே இருக்கும் அதே சங்கிலி. பருத்தி நீரில் கரைவதில்லை. காரணம், கிளையில்லாத செல்லுலோஸ் சங்கிலிகள் பக்கத்தில் பக்கம் படிந்து, ஹைட்ரஜன் பிணைப்புகளால் இறுகி, நீருக்கு இடமே விடுவதில்லை. புளியங்கொட்டையின் சங்கிலியில் நான்கு குளுக்கோஸுக்கு மூன்றின்மேல் சைலோஸ் என்னும் சிறு சர்க்கரை கிளையாக உட்கார்ந்திருக்கிறது. நான்காவது வெறுமை. மீண்டும் மூன்று கிளை, ஒரு வெறுமை. இந்த நான்கின் கட்டுதான் அடிப்படை அலகு. சைலோஸ் கிளைகளில் இரண்டாவதன்மேலோ மூன்றாவதன்மேலோ இரண்டின்மேலுமோ கேலக்டோஸ் என்னும் இன்னொரு சர்க்கரை ஏறியிருக்கலாம். ஆக நான்கு வகைக் கட்டுகள். எம்.ஜே. கிட்லியும் உடனாய்வாளர்களும் 1991-ல் வெளியிட்ட ஆய்வில், கட்டுகளில் பாதி இரண்டு கேலக்டோஸ் உடையவை என்றும், ஒன்றுகூட இல்லாதவை எட்டில் ஒரு பங்கு அளவே என்றும் கண்டார்கள். மூலக்கூறின் எடை 9 லட்சம் டால்டனுக்கு அருகில். கணக்கிட்டால் ஏறத்தாழ 700 கட்டுகள் வரிசையாகச் சேர்ந்த சங்கிலி அது. முழுக்க நீட்டினால் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதல் நீளம். ஒரு மூலக்கூறுக்கு இது அசாதாரணமான நீளம்.

கிளைகள் சங்கிலிகளை ஒன்றோடொன்று படியவிடாமல் தள்ளி நிறுத்துகின்றன. அந்த இடைவெளியில் நீர் புகுகிறது. செல்லுலோஸ் கரையாமல் இருக்க, அதே முதுகெலும்புள்ள இந்தப் பொருள் கரைவதன் காரணம் இதுதான். ஆனால் முதுகெலும்பு செல்லுலோஸே என்பதால் செல்லுலோஸோடு ஒட்டும் குணம் போகவில்லை. பருத்தி, சணல், காகிதம் எல்லாம் செல்லுலோஸ். இந்தப் பசை அவற்றின்மேல் மாவுக்கஞ்சியைவிட உறுதியாகப் பற்றுகிறது. விதைக்கு வெளியேயும் இதற்குச் சான்று கிடைத்தது. பீட்டர் ஆல்பர்ஷைமின் குழு 1973-ல், வளரும் தாவரச் செல்களின் சுவரில் சைலோகுளுக்கன் செல்லுலோஸ் நாரைத் தழுவியிருப்பதாகக் காட்டியது. இருவித்திலைத் தாவரங்களின் இளம் செல்சுவரில் இது பொதுவான கூறு. நூலின்மேல் பசை பற்றுவது, செடிக்குள் நடக்கும் இணைப்பின் தொடர்ச்சியே.

இந்தச் சங்கிலி நீரில் நடந்துகொள்ளும் விதத்தில்தான் கஞ்சியின் தரம் இருக்கிறது. மிக நீர்த்த கரைசலில் ஒவ்வொரு மூலக்கூறும் தளர்ந்த சுருளாகத் தனித்தனியே மிதக்கிறது. அந்த நிலையில் பொடியை இரட்டித்தால் அது நீருக்குக் கூட்டும் பாகுநிலை, அதாவது ஓட்டத்துக்கான தடை, இரண்டரை மடங்கு அளவில் ஏறும். ஒரு செறிவைத் தாண்டியதும் சுருள்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பின்னிக்கொள்கின்றன. இடியாப்பச் சிக்கல் என்பார்களே, அந்த நிலை. அதன்பின் பொடியை இரட்டித்தால் பாகுநிலை பத்து மடங்குக்கும் மேல் தாவுகிறது. கைப்பிடி மாவு அதிகமானால் கஞ்சி சட்டென்று களியாவது இதனால்தான்.

பின்னிய நிலையில் பாகு அமைதியாக இருக்கும்போது, விலகிய பின்னல்கள் மறுபடி பின்ன நேரம் கிடைக்கிறது. எனவே கெட்டியாகத் தெரியும். வேகமாகக் கலக்கினாலோ நூலை உருளைகளுக்கு இடையே இழுத்தாலோ பின்னல் அவிழும் வேகத்துக்கு மறுபின்னல் ஈடுகொடுக்காது. சங்கிலிகள் ஓட்டத்தின் திசையில் நீள்கின்றன, பாகு நீர்க்கிறது. கை நின்றதும் பழைய நிலை திரும்புகிறது. தூரிகையின் கீழ் இளகி, தூரிகை போனபின் வழியாமல் நிற்பது இந்தக் குணத்தால். ஆலையில் பாவு நூல் கஞ்சித்தொட்டியில் முங்கி, பிழியும் உருளைகளுக்கு இடையே போகும் கணத்தில் பசை இளகி இழைகளுக்குள் இறங்குகிறது. வெளியே வந்ததும் நூலிலேயே நிற்கிறது. மிதமான செறிவில் இந்த இளகல் அளவோடு இருப்பதால், கஞ்சியிடும் இயந்திரத்தின் வேகம் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் நூலில் ஏறும் பசையின் அளவு அதிகம் மாறுவதில்லை.

அரிசிக் கஞ்சி ஆறினால் கட்டிபட்டுத் தண்ணீர் பிரியும். புளியங்கொட்டைக் கஞ்சி ஆறினாலும் ஒரே சீராக நிற்கும். சங்கிலியில் மின்னூட்டம் ஏதும் இல்லாததால் உப்பும் அதை அதிகம் பாதிப்பதில்லை. புளிப்பையும் சூட்டையும் நன்றாகத் தாங்குகிறது.

இத்தனை நல்ல குணங்கள் இருந்தும் உலகச் சந்தையில் முதல் இடம் கொத்தவரைக்குப் போயிற்று. கொத்தவரை விதையின் பசைக்கு வேறு முதுகெலும்பு: மேனோஸ் சங்கிலி, ஏறத்தாழ இரண்டு மேனோஸுக்கு ஒரு கேலக்டோஸ் கிளை. அது பச்சைத் தண்ணீரிலேயே கரையும். 100 பங்கு நீரில் ஒரு பங்கு போட்டால் நீரைவிடப் பல்லாயிரம் மடங்கு கெட்டியாகும். அதே அளவுக்குப் புளியங்கொட்டைப் பசை தரும் கெட்டித்தன்மை பல மடங்கு குறைவு. எண்ணெய்க் கிணறுகளில் பாறையைப் பிளக்கும் தொழில் அமெரிக்காவில் பெருகியபோது கொத்தவரைப் பசையைத்தான் தேடினார்கள். 2012 தொடக்கத்தில் ராஜஸ்தான் மண்டிகளில் கொத்தவரை விதை குவிண்டால் ரூ.30,000 வரை ஏறி, அந்த மார்ச்சில் முன்பேர வணிகமே நிறுத்தப்பட்டது. அவ்வளவு பெரிய ஏற்றத்தைப் புளியங்கொட்டை கண்டதில்லை. அவ்வளவு பெரிய வீழ்ச்சியையும் கண்டதில்லை. மரம் எப்படியும் புளிக்காகக் காய்க்கிறது. கொட்டையின் விலையைப் பார்த்து யாரும் புளியந்தோப்பு வைப்பதில்லை.

பருத்தி ஆலைகளில் செயற்கைப் பசைகளும் பக்குவப்படுத்திய மாவுகளும் வந்தபின் புளியங்கொட்டைக்கு இருந்த இடம் சுருங்கிற்று. பழுப்பு நிறம் ஒரு குறையாகாத சணல் ஆலைகளில் அது நிலைத்தது. துணிக்கு அச்சடிக்கும் சாயத்தைக் கெட்டியாக்க, வேதிமுறையில் மாற்றிய புளியங்கொட்டை மாவு வந்தது. அது பச்சைத் தண்ணீரிலேயே கரையும். அச்சுக்குப் பின் துணியிலிருந்து எளிதாக அலசிப் போகும். காகிதம், தோல் பதனிடல், மரப்பசை, வெடிமருந்துக் கலவை எனப் பல தொழில்களுக்கு மாவு சென்றது. ஜப்பான், அமெரிக்கா, கனடா, பிரிட்டன் ஆகிய நாடுகளுக்கு ஏற்றுமதியும் நடந்தது.

அந்த வாங்குவோரில் ஜப்பான் மட்டும் பொருளை வேறு கண்ணோடு பார்த்தது. டைனிப்பான் மருந்து நிறுவனம் 1960களில் புரதமும் எண்ணெயும் நீக்கிய வெண்ணிறப் பசையை ‘கிளைலாய்டு’ என்ற பெயரில் உணவுக்காகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. குழம்பு வகைகள், ஐஸ்கிரீம், ஊறுகாய் போன்றவற்றைக் கெட்டியாக்க அது அங்கே வழக்கமானது. பாதிக்குப் பாதி சர்க்கரை சேர்ந்த கரைசலில் இந்தப் பசை நெகிழ்வான ஜெல்லாக உறைகிறது. ஆல்கஹால் சேர்த்தாலும் உறையும். சர்க்கரையும் ஆல்கஹாலும் நீரைத் தம் பக்கம் இழுத்துக்கொள்வதால், சங்கிலிகளுக்கு இடையே நீர் குறைந்து, அவை ஒன்றையொன்று நெருங்குகின்றன. 1940களில் பெக்டின் என்ற தவறான முடிவுக்கு இட்டுச்சென்ற உறைதலின் விளக்கம் இதுதான்.

இதைவிட வியப்பானது ஜப்பானிய ஆய்வாளர்கள் ஷிரகாவா, யமடோயா, நிஷினாரி ஆகியோர் 1998-ல் காட்டியது. கேலக்டோஸ் கிளைகளை மட்டும் வெட்டும் நொதியைப் பசையில் விட்டார்கள். கேலக்டோஸில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் போனதும், சர்க்கரை இல்லாமலேயே பசை உறைந்தது. அதுவும் சூடேற்றினால் உறைந்து, குளிரவைத்தால் கரைந்தது. ஜெலட்டினும் கடற்பாசியும் ஆறினால் உறையும், சுட்டால் உருகும், இது நேர்மாறு. தள்ளி நிறுத்தும் கிளைகள் குறைந்ததால் முதுகெலும்புகள் செல்லுலோஸின் இயல்புக்குத் திரும்பி ஒட்டத் தொடங்குகின்றன. குளிர்ச்சியில் நீரின் பிடி வலுவாக இருப்பதால் கரைந்திருக்கிறது. சூட்டில் அந்தப் பிடி தளரச் சங்கிலிகள் சேர்கின்றன. நொதி எவ்வளவு வெட்டுகிறதோ, அதற்கேற்ப உறையும் வெப்பநிலையும் மாறுகிறது. உடல் வெப்பத்தில் உறையும்படி அளந்து வெட்டினால், திரவமாகச் செலுத்திய மருந்து உள்ளே போய் ஜெல்லாகித் தங்கும். மருந்தியலில் இதன்மேல் ஆர்வம் வளர்ந்தது இதனால்.

வெட்டாத பசைக்கும் மருந்தில் இடம் கிடைத்தது. கண்ணின் மேற்பரப்பில் கண்ணீரைப் பிடித்துவைக்கும் மியூசின் என்னும் கோழைப் பொருளும் கிளைகள் நிறைந்த நீண்ட மூலக்கூறுதான். புளியங்கொட்டைப் பசை அதை ஒத்து நடந்து, விழியின்மேல் மெல்லிய படலமாகப் பற்றிக்கொள்கிறது. இமைக்கும்போது இமையின் உரசலில் இளகி, இமை திறந்தபின் வழியாமல் நிற்கிறது. கண் வறட்சிக்கான சொட்டு மருந்துகளில் 2000-க்குப் பின் இது இடம்பெற்றது. உணவுச் சேர்க்கைப் பொருளாக உலகளவில் ஏற்பு கிடைத்தது 2017-ல். உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து நடத்தும் வல்லுநர் குழு, இதற்குத் தினசரி உச்ச வரம்பு குறிக்கத் தேவையில்லை என்று அந்த ஆண்டு முடிவு செய்தது.

தொழிலின் அடிப்பகுதி இதனால் அதிகம் மாறவில்லை. புளி உடைக்கும் பெண்கள் கொட்டையைத் தனியே சேர்க்கிறார்கள்; வியாபாரி மூட்டையாக வாங்கி ஆலைக்கு அனுப்புகிறார். ஆலை தோலை நீக்கி மாவாக்கிச் சலிக்கிறது. மாவின் விலையை நிர்ணயிப்பவை நிறம், நுண்மை, குறித்த அளவு நீரில் காய்ச்சி ஆறவைத்த பாகின் பாகுநிலை ஆகிய மூன்றும். தோலும் வீணாவதில்லை, அதன் டானின் தோல் பதனிடவும் சாயம் தோய்க்கவும் ஆகிறது. எண்ணெயும் புரதமும் நீக்கித் தூய பசையாக்கினால் மதிப்பு பல மடங்கு கூடும். ஆனால் அந்தப் படியில் கரைப்பானும் வடிகட்டும் கருவியும் பெரிய முதலீடும் வேண்டும் என்பதால், விளைந்த நாட்டிலிருந்து பெரும்பகுதி இன்னும் மாவாகவே கப்பல் ஏறுகிறது.